தக்ளி ஏன் விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கையால் சுழற்றும் தக்ளியில் நூல் நூற்கும் முறையைச் சென்ற இதழில் அறிமுகப்படுத்தியிருந்தோம். அதைப் படித்து நூற்கத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றையொன்று ஒத்திருந்ததால், அவற்றைத் தொகுத்து இங்கே விடையளிக்கிறோம். இப்பகுதியில் தக்ளி என்று குறிப்பிடுவது, நூற்கப்படும் நூலிலேயே தொங்கியபடி சுழலும் கருவியை. ஒரு தண்டு, அதில் செருகிய வட்டமான வில்லை, உச்சியில் ஒரு கொக்கி ஆகியவையே அதன் உறுப்புகள்.

கேள்வி: முதல் தக்ளியாக எதை வாங்குவது? வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

பதில்: எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அனைவருக்கும் நூல் சற்றுத் தடிமனாகவே வரும் என்பதால், 35 முதல் 50 கிராம் வரை எடையுள்ள தக்ளி பொருத்தமானது. அதைவிட மிகவும் கனமானது மெலிந்த இடங்களில் நூலை அறுத்துவிடும். 15 அல்லது 20 கிராம் எடையுள்ளது நுண்ணிய நூலுக்கு ஏற்றதென்றாலும், தடித்த நூலின் எதிர்விசையைத் தாங்கும் வலுவின்றி விரைவில் நின்று, பின்பக்கமாகச் சுழலத் தொடங்கிவிடும். எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வில்லையின் விளிம்பை ஒட்டி எடை மிகுந்திருந்தால் தக்ளி நிதானமாகவும் நெடுநேரமும் சுழலும். எடை நடுவில் குவிந்திருந்தால் வேகமாகச் சுழன்று சீக்கிரம் ஓய்ந்துவிடும். கற்பவருக்கு நிதானமாகச் சுழல்வதே நல்லது.

வீட்டில் செய்வது எளிது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான உருண்டைக் குச்சி, பயன்படாத குறுந்தகடுகள் இரண்டு, ஒரு சிறு திருகு கொக்கி ஆகியவை போதும். ஒரு குறுந்தகட்டின் எடை ஏறக்குறைய 16 கிராம் என்பதால், இரண்டும் குச்சியும் சேரும்போது தேவையான எடை கிடைத்துவிடும். தகட்டின் நடுத்துளை 15 மில்லிமீட்டர் அகலமுடையது; குச்சி அதைவிட மெல்லியதாக இருக்குமாதலால், ரப்பர் வளையத்தையோ ஒட்டுநாடாவையோ சுற்றி, தகடுகள் ஆடாமல் இறுகப் பொருத்த வேண்டும். தகடுகள் உச்சியிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். கொக்கியைக் குச்சியின் சரியான மையத்தில் திருகுவதில்தான் கவனம் தேவை. அது சற்று விலகினாலும் தக்ளி தள்ளாடிச் சுழலும். வேலைப்பாடு மிக்க தக்ளிக்குச் செலவிட நினைக்கும் பணத்தை நல்ல கம்பளித் திரிக்கு (நூற்பதற்காக இழைகளைச் சீராக்கி நீளமாக்கிய பட்டைக்கு)ச் செலவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. சுமாரான தக்ளியில் நல்ல திரியை நூற்றுவிடலாம். மோசமான திரியை எந்தத் தக்ளியும் காப்பாற்றாது.

கேள்வி: வீட்டில் பஞ்சு இருக்கிறது. அதிலேயே நூற்கப் பழகக் கூடாதா? கம்பளிதான் வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில்: இழையின் நீளமே காரணம். பருத்தி இழை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை சென்டிமீட்டர் நீளமே உடையது. கற்பவர்களுக்கு ஏற்ற நடுத்தரக் கம்பளியிலோ ஓர் இழை எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். மேலும் கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. இழையும் இயல்பாகவே சுருண்டு நெளிந்திருக்கும். இவ்விரண்டும் சேர்ந்து, முறுக்கு குறைவாக இருக்கும்போதுகூட இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கின்றன. பருத்தியில் அந்தப் பிடிப்பு இல்லை. முறுக்கு நிறைய ஏறும்வரை அது எந்த எடையையும் தாங்காது. தொங்கும் தக்ளியின் எடையோ முதல் நொடியிலிருந்தே நூலை இழுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் பருத்திக்கென்று உள்ள சிறிய உலோகத் தக்ளியின் முனையை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுகிறார்கள். அங்கே எடையைக் கிண்ணம் தாங்கிக்கொள்ள, நூலுக்கு முறுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. பருத்தியில்தான் பழகுவேன் என்பவர்கள் அம்முறையைக் கைக்கொள்ளலாம். ஆனால் மருந்துக்கடையில் விற்கும் பஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். நீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக இழையின் இயற்கையான மெழுகுப் பூச்சு அதில் நீக்கப்பட்டிருக்கும். இழைகளும் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். நூற்பதற்கென்று பன்னி, அதாவது இழைகளைப் பிரித்துச் சீராக்கி, திரியாக்கிய பஞ்சே வேண்டும்.

கேள்வி: தக்ளியைச் சுழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் இழையை இழுப்பதற்குள் நூல் பிரிந்து, தக்ளி தரையில் விழுந்துவிடுகிறது. எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான். நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: இந்தக் கேள்விதான் மிகுதியாக வந்தது, ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நூற்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. திரியிலிருந்து இழைகளைச் சீராக இழுத்து மெலிதாக்குவது ஒன்று; மெலிந்த அந்தப் பகுதிக்கு முறுக்கை ஏற்றுவது மற்றொன்று. பழகியவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதைப் பார்த்து, கற்பவர்களும் அப்படியே செய்ய முயல்கிறார்கள். தக்ளி ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் இழைகளை அவசரமாக இழுக்க, நூல் அறுகிறது. ஆகவே சில நாள்களுக்கு இவ்விரு வேலைகளையும் வேண்டுமென்றே பிரித்துவைத்துச் செய்யுங்கள்.

அரை மீட்டர் நீளமுள்ள கம்பளி நூல் ஒன்றை முன்னோடி நூலாகத் தண்டில் கட்டி, வில்லையின் விளிம்பு வழியாக மேலே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். அதன் மறுமுனையைத் திரியின் பிரிந்த இழைகளோடு எட்டு, பத்து சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தி, அந்த இடத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் தக்ளியை வலஞ்சுழியாகச் சுழற்றுங்கள். முன்னோடி நூலில் முறுக்கு நன்றாக ஏறியதும், தக்ளி நிற்பதற்கு முன்பே அதைப் பிடித்து முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொள்ளுங்கள். இனி அது எங்கும் போகாது, விழவும் விழாது. வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இணைப்புக்குச் சற்றுக் கீழே நூலை நெரித்துப் பிடித்திருக்க, இடக்கையைத் திரியோடு மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். இழைகள் வழுக்கி நீண்டு, இரு கைகளுக்கும் நடுவில் மெல்லிய முக்கோணமாக விரியும். வேண்டிய அளவு மெலிந்ததும், வலக்கை விரல்களின் பிடியைத் தளர்த்தி மேல்நோக்கி வழுக்கிச் செல்லவிடுங்கள். தேங்கியிருந்த முறுக்கு அந்த இழைகளுக்குள் ஓடி, உங்கள் கண்முன்னே அவற்றை நூலாக்கும். மீண்டும் நெரியுங்கள், இழுங்கள், விடுங்கள். முறுக்குத் தீர்ந்ததும் தக்ளியை மறுபடி சுழற்றி நிரப்பிக்கொள்ளலாம். நூல் ஒரு கை நீளம் வந்தவுடன் கொக்கியிலிருந்து கழற்றி, வில்லையின் அடியில் தண்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றிவிட்டு, கொஞ்சத்தை மட்டும் மீதம் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். இப்படித் தண்டில் சுற்றிய நூல் திரளான கண்டு, வில்லையை ஒட்டிப் பருத்தும் கீழே ஒடுங்கியும் கூம்பாக அமைந்தால் தக்ளி தள்ளாடாது.

இரண்டு செய்திகளை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, இரு கைகளுக்கும் இடையிலுள்ள தூரம் இழையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் இழையுள்ள திரியை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து இழுத்தால், ஒரே இழையின் இரு முனைகளையும் இரண்டு கைகளும் பிடித்துக்கொண்டு போராடுவதாகத்தான் முடியும். எவ்வளவு இழுத்தாலும் வரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியவர்கள் கைகளைச் சற்று அகற்றிப் பார்க்கட்டும். இரண்டாவது, முறுக்கு வலக்கை விரல்களைத் தாண்டித் திரிக்குள் ஏறிவிடக் கூடாது. ஏறிவிட்டால் இழைகள் பூட்டிக்கொண்டு நகராது. அப்போது வன்மையாக இழுக்காமல், அந்த இடத்தை எதிர்ப்பக்கமாகச் சற்றே பிரித்துவிட்டு இழுத்தால் வழிவிடும்.

நூல் அறுந்த முனையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். முனை பஞ்சுபோல் விரிந்து கிடந்தால் முறுக்குப் போதவில்லை, இழைகள் வழுக்கிப் பிரிந்துவிட்டன என்று பொருள். தக்ளி ஓய்ந்து பின்பக்கமாகச் சுழன்றதை நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம். தக்ளி விழுவதற்கு மிகப் பெரிய காரணம் இதுவே. முனை கெட்டியாகச் சுருண்டு வெட்டுண்டதுபோல் இருந்தால் முறுக்கு அளவுக்கு மிஞ்சிவிட்டது. எதுவானாலும் முடிச்சுப் போடாதீர்கள். இரு முனைகளையும் பிரித்து விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தி, முறுக்கை உள்ளே விட்டால் இணைப்பே தெரியாது.

கேள்வி: நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் தலைமயிர்போல் மெலிந்தும் வருகிறது. தடித்த இடத்தில் முறுக்கே ஏறுவதில்லை. இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோல முறுக்கு மெலிந்த இடத்தை நாடும். தடித்த பகுதியைத் திருக அதிக விசை வேண்டும், மெலிந்த பகுதிக்குக் குறைவான விசையே போதும் என்பதால், ஒரே நூலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் முறுக்கின் பெரும்பங்கை மெலிந்த பகுதி எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகவே தடித்த இடத்தில் முறுக்கை ஏற்ற வேண்டுமென்று தக்ளியை மேலும் மேலும் சுழற்றுவது பயன் தராது. மெலிந்த இடம் இறுகி அறுவதே அதன் முடிவு. தடித்த இடத்தின் இரு புறமும், இழை நீளத்தைவிடச் சற்று அகலமான இடைவெளியில் நூலைப் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் பிரித்து, மெதுவாக இழுங்கள். இழைகள் நழுவி மெலிந்ததும் முறுக்கு தானாகவே அங்கு வந்து சேரும்.

நூற்கும் முன்பே திரியை நெடுக்குவாட்டில் நான்கைந்து மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். தவிர, உள்ளங்கையில் திரியை இறுகப் பொத்திக்கொள்ளும் வழக்கத்தை விட வேண்டும். கையின் வெப்பமும் வியர்வையும் அழுத்தமும் சேர்ந்து கம்பளியை ஒட்டவைத்துவிடும். அப்புறம் எந்தத் திறமையும் அதைச் சீராக இழுக்க உதவாது.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். தக்ளியை எந்தப் பக்கம் சுழற்ற வேண்டும்?

பதில்: எந்தக் கையால் சுழற்றினாலும் சரி, எந்தத் திசையில் சுழற்றினாலும் சரி, தொடங்கிய திசையை அந்தக் கண்டு முடியும்வரை மாற்றக் கூடாது என்பதொன்றே விதி. மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழற்றினால், நூலின் முறுக்கு இடக்கீழிலிருந்து வலமேலாகச் சாயும். இடஞ்சுழியாகச் சுழற்றினால் மாறாகச் சாயும். பெரும்பாலோர் ஒற்றைப் புரியை, அதாவது தக்ளியில் நூற்ற தனி நூலை, வலஞ்சுழியாக நூற்று, இரண்டு புரிகளைச் சேர்க்கும்போது இடஞ்சுழியாக முறுக்குகிறார்கள். இரண்டு பேர் நூற்றதைச் சேர்த்து முறுக்க எண்ணினால், இருவரும் ஒரே திசையில் நூற்றிருக்க வேண்டும்.

கேள்வி: தக்ளியிலிருந்து கழற்றியதும் நூல் தன்மேலேயே சுருண்டு சிடுக்காகிவிடுகிறது. நூல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. புதிதாக நூற்ற ஒற்றைப் புரியில் முறுக்கு இன்னும் அடங்காமல் இருக்கும். இழுவிசை தளர்ந்தவுடன் அது பிரிய முயன்று சுருளும். இந்தப் பண்பே இரட்டைப் புரி நூலுக்கு அடிப்படை. நூலின் ஒரு பகுதியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால், அது தானாகவே சுற்றிக்கொண்டு இரட்டைப் புரியாகும். இறுதியில் கிடைக்கப்போகும் நூலின் தோற்றம் ஏறக்குறைய அதுதான். நூற்கும்போது அவ்வப்போது இப்படி மடித்துப் பார்த்து, ஒரு சிறு துண்டை அட்டையில் கட்டி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த நாள்களில் நூற்பதை அதனோடு ஒப்பிடலாம்.

கண்டை ஓரிரவு அப்படியே வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் சுருளும் வேகம் தணிந்திருக்கும், கையாள்வது எளிதாகும். பிறகு ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகளாகச் சுற்றி, இரண்டின் முனைகளையும் ஒன்றாக முன்னோடி நூலில் இணைத்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் தக்ளியைச் சுழற்றுங்கள். இங்கே இழைகளை இழுத்து மெலிதாக்கும் வேலை இல்லை. இரு புரிகளும் ஒரே இறுக்கத்தில் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று தளர்ந்தால் அது மற்றதைச் சுற்றிக்கொண்டு படரும். எதிர்முறுக்கு ஏற ஏற ஒற்றைப் புரிகளின் முறுக்கு ஓரளவு பிரிந்து, நூல் மென்மையாகி உப்பி வரும். முடிந்த நூலை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் எந்தப் பக்கமும் திருகாமல் நின்றால் அது சமநிலை அடைந்துவிட்டது.

அடுத்து, நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, மூன்று நான்கு இடங்களில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் மூழ்கவையுங்கள். தேய்க்கவோ பிசையவோ வேண்டாம். துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்கி, நிழலில் உலர்த்துங்கள். சிட்டத்தின் அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது நூலை நேராக்கிக் காட்டும். ஆனால் பின்னிய துணியை முதன்முறை துவைத்ததும், இழந்திருந்த நெளிவு திரும்பி, துணியின் அளவே மாறிவிடும்.

கேள்வி: ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளி சிறிது கிடைத்தது. அப்படியே நூற்கலாமா?

பதில்: நூற்கலாம்; சிலர் அந்தப் பிசுக்கையே விரும்பி நூற்கிறார்கள். கற்பவர்களுக்கு அது தேவையில்லாத சிரமம். கம்பளியின் கொழுப்புப் பிசுக்கு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசில் உருகும் என்பதால், 60 டிகிரியையொட்டிய சுடுநீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து கம்பளியை அமிழ்த்தி, கால்மணி நேரத்துக்குப்பின், நீர் ஆறிப்போவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் உருகிய கொழுப்பு மறுபடி இழையிலேயே படிந்துவிடும். அதே வெப்பமுள்ள நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கையால் கலக்கினாலோ, சுடுநீரிலிருந்து சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலோ இழைகளின் செதில்கள் கோத்துக்கொண்டு மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். நுண்மையான கம்பளியில் பிசுக்கும் அழுக்கும் போனபின் எடை பாதியளவுகூடக் குறையக்கூடும். அதைக் கணக்கில் கொள்ளுங்கள். உலர்ந்தபின் சீவியோ பன்னியோ திரியாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அரைமணி நேரம் நூற்றால் தோள் வலிக்கிறது.

பதில்: திரி பிடித்த கையைத் தோளுக்கு மேல் உயர்த்துகிறீர்கள் என்று ஊகிக்கிறோம். கை மார்பு உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கையைத் தூக்கிக்கொண்டே போவதற்குப் பதிலாகத் தக்ளியைக் கீழே இறங்கவிடுங்கள். அது தரையை நெருங்கியதும் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். வலி தொடர்ந்தால் நூற்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கழுத்துத்துணி பின்ன எவ்வளவு நூற்க வேண்டும்? நூற்றதன் நீளத்தை எப்படி அளப்பது? இராட்டை வாங்கினால் வேலை விரைவாக முடியுமா?

பதில்: நடுத்தரத் தடிமனுள்ள இரட்டைப் புரி நூலாக இருந்தால், சாதாரணக் கழுத்துத்துணி ஒன்றுக்கு 200 முதல் 300 மீட்டர் வரை தேவைப்படும். இரண்டு புரிகள் சேர்ந்துதான் அந்த நூல் ஆகிறது என்பதால் நூற்க வேண்டியது அதைப்போல் இரு மடங்கு. முறுக்கும்போது நீளம் சற்றுக் குறையுமாதலால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். நாற்காலியின் முதுகில் நூலைச் சிட்டமாகச் சுற்றி, ஒரு சுற்றின் நீளத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு சுற்று ஒன்றரை மீட்டராகவும் சுற்றுகள் 80 ஆகவும் இருந்தால் உங்களிடம் 120 மீட்டர் நூல் இருக்கிறது. இறுக்கிச் சுற்றினால் கம்பளி நீண்டு கணக்கைப் பொய்யாக்கிவிடும். நனைத்து உலர்த்தியபின் அளப்பதே நம்பகமானது. தடிமனை அறிய, அளவுகோலின்மீது இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நூலை நெருக்கிச் சுற்றி, எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணுங்கள். பின்னல் முறைகளில் கேட்கும் தடிமனோடு ஒப்பிட அந்த எண் போதும்.

இராட்டையில் வேகம் கூடும் என்பது உண்மை. முறுக்குவதும் சுற்றுவதும் அதில் இடைவிடாமல் நடைபெறும். தக்ளியிலோ ஒவ்வொரு கை நீளத்துக்கும் நின்று சுற்ற வேண்டும். ஆனாலும் இராட்டை தோன்றும்வரை உடுத்திய துணியிலிருந்து கப்பலின் பாய்வரை அனைத்துக்கும் வேண்டிய நூல் தக்ளியில்தான் நூற்கப்பட்டது. இராட்டை இழைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தி யோசிக்க இடம் தராது. முழங்கால்களுக்கிடையில் தக்ளியை இடுக்காமல், அது தொங்கிச் சுழலும்போதே ஒரு கண்டு முழுவதையும் அறாமல் நூற்க வந்தபின் இராட்டையைப் பற்றி முடிவு செய்யுங்கள். கழுத்துத்துணிக்கு வேண்டிய நூலைப் பொறுத்தவரை, நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கினால் தக்ளியிலேயே நூற்று முடித்துவிடலாம். முதலில் நூற்ற கண்டும் கடைசியில் நூற்ற கண்டும் தடிமனில் வேறுபடும் என்பதால், இரண்டையும் இணைத்து இரட்டைப் புரியாக முறுக்கிவிடுங்கள்.